ரோலரக்கா உடைத்த ஆட்டம்

சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் ரோலரக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் படுக்கைவிரிப்புகள் துவைத்துப் பிழிந்து, ஈரமும் சூடுமாகத் தள்ளுவண்டியில் அவளிடம் வரும். அவளும் எதிரே நிற்கும் இன்னொருத்தியும் ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து ஓர் உதறு உதறி, சுருக்கம் போக இழுத்து, கொதிக்கும் ரோலர் உருளைக்குள் விளிம்பைக் கொடுக்க வேண்டும். காலையில் கைவைத்தால் சாயங்காலம் வரை அதே உதறல், அதே இழுப்பு. வேலை முடிந்து பஸ்ஸில் உட்காரும்போது தோள்பட்டை தன்னுடையதுதானா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிடும்.

அப்படிப்பட்டவள் ஐம்பதைத் தொடப்போகிற வயதில், பில்லியர்ட்ஸ் போலக் கோலால் பந்தை அடித்துக் குழியில் தள்ளும் பூல் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள் என்றால், அதில் ஆசை என்று சொல்ல எதுவும் கிடையாது. ஆசைக்கெல்லாம் அவளிடம் தெம்பு ஏது?

ஆசை இருந்ததெல்லாம் அவள் கணவருக்கு. அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்த மனுஷன் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. மூன்றாம் மாடிக்குப் படியேறித்தான் போக வேண்டும். வேலை விட்டதும் அவர் கால் தானாகவே டயர் கடைக்குப் பின்பக்கம் இருந்த பூல் ஹாலுக்குப் போய்விடும். அங்கே அவருக்கு இடி என்று பெயர். முக்கோணமாக நெருக்கி அடுக்கிய பந்துகளை வெள்ளைப் பந்தால் அடித்துச் சிதறவைத்துத்தான் ஆட்டத்தைத் தொடங்க வேண்டும். அதற்கு பிரேக் என்று பெயர்; உடைப்பது என்றும் சொல்வார்கள். இடி பிரேக் அடித்தால், வெளியே டயர் மாட்டிக்கொண்டிருப்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்களாம். இதெல்லாம் அவள் பிற்பாடு கேள்விப்பட்டது. அப்போதெல்லாம் அவளுக்குத் தெரிந்தது, கோலின் நுனியில் தேய்க்கும் நீலச் சாக்பீஸ் பொடி அவருடைய சட்டைக் கைகளில் அப்பியிருக்கும், அது லேசில் போகாது என்பதுதான். நாளெல்லாம் ஊராருடைய துணியை வெளுத்துவிட்டு வந்து, ராத்திரி அந்த நீலத்தோடு மல்லுக்கட்டுவாள். அந்த ஹாலை அவள் ஒரு சக்களத்தியைப் போலத்தான் மனதில் வைத்திருந்தாள். ஒருநாள்கூட அந்த வாசலை மிதித்ததில்லை.

பிறகு ஒரு காலை, ஏதோ ஓர் அலுவலகத்தின் மொட்டைமாடி மோட்டார் அறையில் அவர் சுருண்டு விழுந்தார். பக்கவாதம். உயிர் தப்பியது. வலது கால் பயிற்சி செய்யச் செய்ய ஓரளவு திரும்பி வந்தது. வாய் குழறினாலும் பேச்சும் வந்துவிட்டது. வலது கை மட்டும் வரவில்லை. தோளிலிருந்து யாரோ மாட்டிவிட்டதைப் போலத் தொங்கியது. ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். அவள் வேலைக்குப் போகும்போது எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாரோ, திரும்பி வரும்போதும் அதே பக்கம்தான்.

பகலில் அவரைப் பார்த்துக்கொண்டது நாத்தனார். கீழ்வீட்டில் தையல் மெஷின் போட்டிருந்தவள், அவருக்கு அக்கா, நாக்கில் தேனும் கிடையாது, விஷமும் கிடையாது. ஒருநாள் பாவாடைக்கு மடிப்பு வைத்துக்கொண்டே அவள்தான் சொன்னாள்.

"இவனை அந்த ஹாலுக்குக் கூட்டிட்டுப் போ. பந்து உருள்றதையாவது பாக்கட்டும். ஜன்னலையே எத்தனை நாளைக்குப் பாப்பான்?"

ரோலரக்காவுக்குச் சுருக்கென்றது. அந்த இடத்துக்கா, அதுவும் நானா என்று வாய்வரை வந்தது. ஆனால் சண்டை போடவும் தெம்பு வேண்டுமே. அந்த ஞாயிற்றுக்கிழமை அவரைப் பிடித்துப் படிப்படியாக இறக்கி, வேன் வைத்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

உள்ளே நுழைந்ததும் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. இத்தனை வருஷம் தன் புருஷனைப் பிடித்துவைத்திருந்த இடம் இவ்வளவுதானா? தாழ்வான கூரை, பச்சைத் துணி போட்ட மேஜைகள் சில, அவற்றுக்கு மேலே நீள விளக்குகள், சுவரோரம் பழைய சினிமா தியேட்டர் நாற்காலிகள் ஒரு வரிசை. ஹால்காரர் அவளைவிட வயதில் சின்னவர். ஓடிவந்து "அண்ணே" என்று அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டார். அவள் ஒரு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியவள், அப்படியே தூங்கிப்போனாள்.

அதிலிருந்து ஞாயிறுதோறும் வந்தார்கள். முதலில் அவர் வேடிக்கை மட்டும் பார்த்தார். பிறகு இடது கையால் கோலைப் பிடித்தார். இடுப்பை மேஜை விளிம்பில் முட்டுக்கொடுத்து, கோலின் முன்பக்கத்தை ஒரு தாங்கியில் வைத்து, மெல்லத் தட்டினார். பந்து போய்க் குழியில் விழுந்தது. கண் அளவு எங்கும் போய்விடவில்லை. மெல்ல அடிக்கும் அடி எல்லாம் வந்தது. பிரேக் மட்டும் வரவில்லை. இடது கையில் அந்த வேகம் இல்லை. அடித்தால் பந்துகள் லேசாக விலகி, திரும்பவும் கூட்டம் கூடி நிற்கும்.

ஹால்காரர் தான் உடைத்துக் கொடுப்பதாகச் சொன்னார். கணவர் வேண்டாமென்று தலையை ஆட்டினார்.

"அடுத்தவன் உடைச்சுக் குடுத்து நான் ஆடணுமா?" என்றவர், திரும்பி நாற்காலியைப் பார்த்தார். "நீ வா. நீ அடி."

அவள் பாதித் தூக்கத்திலிருந்து எழுந்து, "நானா?" என்றாள்.

"நீ அடுத்தவ இல்லையே."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் சொன்ன நல்ல வார்த்தைகளை எண்ணிப் பார்த்தால் அதில் இதுவும் சேரும். எழுந்து போனாள்.

அவள் அடித்த முதல் அடியில் வெள்ளைப் பந்து மேஜையை விட்டுத் தாவி, ஹால்காரரின் டீ ஃபிளாஸ்க்கைச் சாய்த்துவிட்டு டயர் கடைப் பக்கம் உருண்டு ஓடியது. அடுக்கிய பந்துகள் ஒன்றுகூட அசையவில்லை. அவர் சிரித்தார். விழுந்த நாளுக்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தாள். வாய் ஒரு பக்கமாகத்தான் போனது. ஆனாலும் சிரிப்புதான்.

ஹால்காரர் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார். ஒரு விதியையும் அவரே சொல்லிவிட்டார்: இந்த ஹாலைப் பொறுத்தவரை இருவரும் சேர்ந்து ஓர் ஆள். அக்கா உடைப்பாங்க, மிச்சத்தை அண்ணன் ஆடுவாரு. யாரும் ஆட்சேபிக்கவில்லை.

உடைப்பதற்கென்று கணவரிடம் தனியாக ஒரு கோல் இருந்தது. தோல் உறைக்குள் இரண்டு துண்டாக இருக்கும்; திருகிச் சேர்த்தால் பிடிப்பக்கம் நல்ல பருமன், உள்ளே எடைக்கட்டை வைத்தது. தூக்கினாலே கதவுக்குப் போடும் இரும்புப்பட்டையைப் பிடித்த மாதிரி இருக்கும். அவர் அதை அவள் கையில் கொடுத்தார். அவளும் அதை வைத்துக்கொண்டு வாரா வாரம் அடித்தாள். பலமாக அடி, இன்னும் பலமாக அடி என்பதுதான் அவர் சொன்ன பாடம். அவருக்கு அது அப்படித்தான் வந்தது. அவளுக்கு வரவில்லை. மூச்சைப் பிடித்து முழு உடம்பையும் போட்டுத் தள்ளுவாள். கடைசி நொடியில் நெஞ்சு நிமிர்ந்துவிடும், நுனி விலகிவிடும், வெள்ளைப் பந்து ஓரமாகப் பட்டு எங்கோ போகும். சில வாரம் உள்ளே கிடந்த பழைய கோபத்தையும் சேர்த்து அடித்துப் பார்த்தாள். நீலச் சாக்பீஸ் கறை, ஆறிப்போன சாப்பாடு, தனியாகப் பார்த்துக்கொண்ட காய்ச்சல் எல்லாம் அந்த அடியில் இருந்தன. அப்போதும் பந்துகள் சரியாகச் சிதறவில்லை.

தோள் மட்டும் கெட்டது. ஒருநாள் சலவைக்கூடத்தில் விரிப்பை உதறத் தூக்கிய கை பாதியிலேயே நின்றுவிட்டது. எதிரே நின்றவள் ஒரு முனையைப் பிடித்தபடி அவள் முகத்தையே பார்த்தாள். மேற்பார்வையாளர் அன்று அவளை மடிக்கிற மேஜைக்கு மாற்றினார், கனிவாகத்தான் மாற்றினார். அந்தக் கனிவுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. உருளைக்கு ஆகாதவளை இன்னும் எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? டாக்டர் பார்த்துவிட்டு ரெஸ்ட் எடுங்கள் என்றார். இதைச் சொல்ல ஒரு டாக்டர் வேண்டுமா என்று நினைத்தபடி மருந்தை வாங்கிக்கொண்டு வந்தாள்.

அந்த ஞாயிறு கணவர் கழிப்பறைப் பக்கம் போயிருந்த நேரம் பார்த்து ஹால்காரர் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. அந்த ஸ்டிக் அண்ணன் கைக்குச் சரி. உங்களுக்கு அது பாரம். கை முன்னால போகப் பாக்குது, அது பின்னாலயே இழுக்குது."

"எனக்குத் தெரியும் தம்பி," என்றாள் அவள். "அவர் காதுல விழற மாதிரி சொல்லிடாதீங்க."

தெரியாமல் இல்லை. ஆனால் அந்தக் கோலை அவர் அவளுக்குக் கொடுக்கவில்லை, பார்த்துக்கொள்ளச் சொல்லித்தான் கொடுத்திருக்கிறார் என்பதும் அவளுக்குத் தெரியும். ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொரு தடவையும் அதை வாங்கித் துணியால் துடைத்து, "கை வந்ததும் எனக்கு வேணும்" என்பார். அவளும் ஆமாம் என்பாள். அவள் தனக்கென்று வேறொரு கோல் எடுத்தால், அந்தக் கை வராது என்று வாய்விட்டுச் சொன்ன மாதிரி ஆகிவிடும். அதனால்தான் வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டிருந்தாள். ஆனால் வேலை போய்விட்டால் வீட்டில் அடுப்பெரியாது. அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

விடுமுறை நாள் ஒன்றில், மருந்துக்கடைக்குப் போவதாக நாத்தனாரிடம் சொல்லிவிட்டுத் தனியாக ஹாலுக்குப் போனாள். பழைய கோல்களை வாங்கிப் பழுது பார்த்து விற்பதும் ஹால்காரருக்கு ஒரு தொழில். சுவர்ச் சட்டத்தில் நிறைய நின்றன. முதலில் அவள் கண் போனது பளபளவென்று சிவப்பில் பாம்பு வரைந்திருந்த ஒன்றின் மேல். எடுத்துப் பார்த்தாள், வைத்துவிட்டாள். பாம்பு அழகுதான், ஆனால் அதுவும் பாரம். பிரேக்குக்கு எடை இருந்தால்தானே இடிக்கும் என்று கேட்டாள். எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், எடையைவிட வேகம்தான் முக்கியம் என்றார் ஹால்காரர். தூக்க முடியாததை வேகமாக வீச முடியுமா? உங்கள் கை எதை அலட்டிக்கொள்ளாமல் வீசுமோ அதுதான் உங்களுக்கு பிரேக் ஸ்டிக் என்றார்.

அவள் அவசரப்படவில்லை. துணி பொறுக்குகிற மாதிரி பொறுக்கினாள். ஒவ்வொன்றையும் மேஜைமேல் உருட்டி, நுனி குதிக்கிறதா என்று பார்த்தாள், குதித்தால் கோணல். உருளைச் சூட்டில் காய்ந்து வெடித்த உள்ளங்கைக்கு நூல் சுற்றிய பிடி உறுத்தியது. மொட்டைப் பிடியாக இருந்ததைத் தனியாக வைத்தாள். நுனியை நகத்தால் அழுத்திப் பார்த்தாள். மெத்தென்று இருந்தால் அடியின் வேகத்தை அதுவே தின்றுவிடும், இது கல் மாதிரி இருக்க வேண்டும் என்று ஹால்காரர் சொல்லியிருந்தார். கடைசியில் கையில் நின்றது பூப்போடாத ஒரு மரக்கோல். மற்றவற்றைவிட ஒரு சாண் குறைவு, எடையும் குறைவு. வளையாத விறைப்பு.

ஒரு முக்கோணம் அடுக்கித் தரச் சொல்லி, குனிந்தாள். அப்போதுதான் அவள் கைக்கு அது புரிந்தது. விரிப்பை உதறும்போது அவள் ஒருநாளும் பலத்தைப் போட்டதில்லை. முதலிலேயே இறுக்கிப் பிடித்தால் துணி சுருண்டு திரும்பி வரும். தளர்த்திப் பிடித்து, நிதானமாகப் பின்னால் கொண்டுபோய், கடைசியில் ஒரு சொடுக்கு. அவ்வளவுதான், துணி தானே விரிந்துகொள்ளும். அதே மாதிரி விட்டாள். மேஜை முழுக்கப் பந்துகள் ஓடின. ஒன்றும் குழியில் விழவில்லை. ஆனால் தோள் வலிக்கவில்லை. அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து அவரிடம் நேராகவே சொல்லிவிட்டாள். தோள் தாங்கவில்லை, எனக்கென்று ஒன்று எடுத்திருக்கிறேன் என்றாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று சாப்பாட்டைப் பாதியில் தள்ளிவைத்தார். அந்த வாரம் முழுக்க அவளிடம் பேச வேண்டியதை நாத்தனார் வழியாகவே பேசினார். "அவகிட்ட தண்ணி கேளு" என்பார், அவள் பக்கத்திலேயே நிற்பாள். நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை.

"அவ கை போனா உன்னைப் படியில யார்டா இறக்குவா? நானா?" என்று கேட்டுவிட்டுக் கத்தரியை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டாள்.

ஞாயிறு வந்தது. வருகிறீர்களா என்று அவள் கேட்கவில்லை. அவரே செருப்புக்குள் காலை நுழைத்தார். ஹாலில் அவள் புதுக் கோலைத் திருகிச் சேர்த்ததும் இடது கையை நீட்டினார். கொடுத்தாள். கன்னத்தோடு வைத்து, ஒரு கண்ணை மூடி, நீளவாக்கில் பார்த்தார். மேஜையில் உருட்டினார். நுனியில் ஒட்டியிருந்த டிப்பைத் தடவினார். வெகுநேரம் பார்த்துவிட்டு ஹால்காரரைக் கூப்பிட்டார்.

"டிப்பு மயிரளவு சாய்ஞ்சிருக்கு. எடுத்துட்டு ஒழுங்கா ஒட்டு. என் பொண்டாட்டி அடிக்கிற ஸ்டிக்கு."

ஹால்காரர் உட்கார்ந்து ஒட்டினார். சாய்ந்திருந்ததா இல்லையா என்று யாரும் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் சொல்லும் பாடமும் மாறியது. பலமாக அடி என்பதை விட்டுவிட்டார். வெள்ளைப் பந்தின் நடுவயிற்றைப் பார். முன்பந்தின் மூக்கில் நேராக விடு. அடித்த பிறகும் தலையைத் தூக்காதே. பந்து போன வழியிலேயே கோலும் கொஞ்சம் போகட்டும். சிதறியது பெரிதில்லை, வெள்ளைப் பந்து மேஜை நடுவில் வந்து நிற்க வேண்டும், அப்போதுதான் அடுத்தவனுக்கு வழி இருக்கும் என்பார். அடுத்தவன் என்பது அவர்தான். அவள் பாதி வேகத்தில் அடித்துப் பழகினாள். பட வேண்டிய இடத்தில் படத் தொடங்கியபிறகு கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் கூட்டினாள். எல்லாம் அசதியோடுதான். பல ஞாயிறுகளில் அவர் ஆடும்போது அவள் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருப்பாள். பந்து அடுக்கும் சத்தம் கேட்டதும் எழுந்து வந்து, உடைத்துவிட்டு, மறுபடியும் போய்ச் சாய்ந்துவிடுவாள். அவளைத் தூங்குமூஞ்சி இடி என்று யாரோ சொன்னார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்தது.

வருஷ முடிவில் ஹாலில் ஒரு போட்டி வைத்தார்கள். இருவரும் ஓர் ஆளாகப் பெயர் கொடுத்தார்கள். முதல் சுற்றில் ஒரு டாக்ஸிக்காரர். அவரை ஜெயித்தது பெரிய விஷயமில்லை, அவர் ஆட்டத்தைவிட செல்போனைத்தான் அதிகம் பார்த்தார். அடுத்தது ஒரு பேக்கரிக்காரர். நிதானஸ்தர், வாயே திறக்க மாட்டார். ஆட்டம் இழுத்துக்கொண்டே போய்ச் சமநிலையில் நின்றது. கடைசி ஆட்டத்துக்கு உடைக்கும் முறை அவளுடையது.

அந்த அடியை ஹாலில் இருந்தவர்கள் வெகுநாள் பேசினார்கள். சத்தம் பெரிதாக இல்லை. சுருக்கமாக, சொடுக்கின மாதிரி ஒன்று. மூன்று பந்துகள் வெவ்வேறு குழிகளில் விழுந்தன. வெள்ளைப் பந்து திரும்பி வந்து மேஜையின் நடுவில், வைத்த மாதிரி நின்றது. பேக்கரிக்காரர்கூட நாற்காலியைவிட்டு எழுந்தார். அவள் கணவரைப் பார்த்தாள். அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் திறந்து கிடந்தது.

அவர் ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினார். அவள் தாங்கியை எடுத்து எடுத்து வைத்தாள். பாதிக்கு மேல் அவருடைய வலது கால் நடுங்கத் தொடங்கியது அவளுக்கு மட்டும் தெரிந்தது. "உக்காந்துட்டு ஆடுங்க" என்று கிசுகிசுத்தாள். அவர் கேட்கவில்லை. கடைசியில் அவர்களுக்குக் கறுப்புப் பந்து மட்டும் மிச்சம், அதையும் போட்டால் ஜெயம். குழியின் வாயிலேயே நின்றது, சும்மா தொட்டால் விழும். அவர் குனிந்தார். கால் மடங்கியது. கோல் வழுக்கி வெள்ளைப் பந்தை எங்கோ தள்ளியது. அவள் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். பேக்கரிக்காரர் கொஞ்சநேரம் தயங்கி நின்றார். பிறகு, ஆட வேண்டியதை ஆடி ஜெயித்துவிட்டு, அவர் கையைப் பற்றிக்கொண்டார்.

வேன் வீட்டுத் தெருவுக்குள் திரும்பும்போது அவர் சொன்னார்: "நீ அவ்வளவு நல்லா உடைச்சுக் குடுத்த. நான் கெடுத்துட்டேன்."

"விடுங்க. ஆட்டம்தானே."

"இனிமே வரல."

அவள் மனசுக்குள் முதலில் வந்தது வருத்தம் இல்லை, நிம்மதி. இனி ஞாயிறுகளில் அந்த மூன்று மாடியும் இறக்கி ஏற்ற வேண்டியதில்லை. அப்படி நினைத்ததற்காகத் தன்னையே கடிந்துகொண்டாள். ஆனாலும் அடுத்த ஞாயிறு பொழுது சாயும்வரை தூங்கினாள். அதற்கடுத்ததும் அப்படியே. அவர் ஜன்னலுக்குத் திரும்பிப்போயிருந்தார்.

மூன்றாவது ஞாயிறு தூக்கம் வரவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தவள் எழுந்து முகம் கழுவினாள். கீழே போய் நாத்தனாரிடம் கொஞ்சம் மேலே வந்து இருக்கச் சொன்னாள். நாத்தனார் அவள் கையிலிருந்த கோல் உறையைப் பார்த்துவிட்டு ஊசியில் நூல் கோத்தாள்.

ஹாலில் மதிய நேரக் கூட்டம் கொஞ்சம்தான். ஓரத்து மேஜையில் பந்துகளை அவளே அடுக்கினாள், உடைத்தாள். ஒன்று விழுந்தது. அதோடு போய் நாற்காலியில் சாய்வதுதான் வழக்கம். நாற்காலியைப் பார்த்தாள். மிச்சப் பந்துகளை ஆட யாரும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. குனிந்து ஒன்றைக் குறிபார்த்தாள். தப்பியது. இன்னொன்றும் தப்பியது. உடைக்கத் தெரிந்த அளவுக்கு அவளுக்கு ஆடத் தெரியவில்லை. வெளிச்சம் மங்கும்வரை மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஹால்காரர் குறுக்கே வரவில்லை.

வீடு திரும்பியபோது நாத்தனார் இறங்கிப்போனாள். அவர் ஜன்னலைப் பார்த்தபடியே இருந்தார். அவள் செருப்பைக் கழற்றி, கால் நீட்டித் தரையில் உட்கார்ந்தாள். சோறு வைக்க வேண்டும், மருந்து கொடுக்க வேண்டும், நாளைக்குக் காலையில் உருளை காத்திருக்கிறது.

"விழுந்துச்சா?" என்றார் அவர், திரும்பாமல்.

"பிரேக்ல ஒண்ணு."

"அப்புறம்?"

"அப்புறம் எல்லாம் சொதப்பல்தான். ஓரத்துல ஒட்டிட்டு நிக்கிற பந்தை எப்படி எடுக்கிறதுன்னே தெரியல."

அவர் நாற்காலியை இடது கையால் மெல்லத் திருப்பினார். எந்த ஓரம், வெள்ளைப் பந்து எங்கே நின்றது என்று கேட்டார். அவளுக்குக் கண்ணைச் சொருகிக்கொண்டு வந்தது. இருந்தாலும், தரையில் விரலால் மேஜை மாதிரி ஒரு நீளச் சதுரம் போட்டுக் காட்டினாள்.